ஒரு பூஜ்யம் குறைகிறது

அத்தியாயம் 6

அந்த மனிதரைக் கொன்றது நீங்கள் இல்லை என்று ஐந்து மணிக்குள் நம்பவைக்க வேண்டும். போலீஸை அல்ல, கோர்ட்டை அல்ல, குற்றம் சாட்டப்பட்ட பெண்ணையே. பன்னிரண்டு வருஷமாகத் துப்பறியும் மேடத்திடம் உதவியாளனாக இருக்கிறேன். "நான் செய்யவே இல்லை" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யும் கட்சிக்காரர்களைத்தான் பார்த்திருக்கிறேன். "நான்தான் செஞ்சேன், விட்டுடுங்க" என்று அடம்பிடிக்கும் கட்சிக்காரரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மணி மூன்று நாற்பது. மூன்றாவது மாடி. ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருப்பார்களே, பையிலிருக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ரத்தத்துக்குள் அனுப்பும் சின்னப் பெட்டி, அந்த மருந்து பம்புக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனி அது. எங்கே பார்த்தாலும் கண்ணாடிச் சுவர். நாங்கள் உள்ளே வந்ததை நாற்பது பேரும் பார்த்தார்கள், ஒருத்தரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இத்தனை பேர் இருக்கும் இடத்தில் ஏசி ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மீட்டிங் அறையில் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரே டைப் அடித்த ஒரு தாள், அதன்மேல் மூடி கழற்றிய பேனா. ஆபீஸில் அவருக்கு லேபிள் அக்கா என்று பெயர். காலையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, வாய் திறக்கும் முன்பே அழுதுவிட்ட வேன் டிரைவர் அவருடைய தம்பி. அவர்தான் எங்களைக் கூட்டிவந்தார்.

"அக்கா, நான் சொன்ன மேடம் இவங்கதான். இவர் மைக்."

என் பெயர் மைக் இல்லை. ஆன் பண்ணாமலே பேசுகிறேன் என்று மேடம் வைத்தது. இப்போது என் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"தம்பி எதுக்கு உங்களை அலைய வெச்சான்னு தெரியலை," என்றார் அக்கா. "அஞ்சு மணிக்கு விசாரணைக் குழு வருது. கையெழுத்து போட்டுட்டு அவங்களோட போறேன். என் கவனக்குறைவால ஒருத்தர் செத்துப்போனார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானான்னு நான் பார்த்துக்கறேன்." மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "முதல்ல உங்க வேலை என்னன்னு சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி வேண்டாம். இவனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, அப்பதான் தெளிவா இருக்கும்."

"லேபிள் ஒட்டுறது."

"ஜாம் பாட்டில்ல ஒட்டுற மாதிரியா?" என்றேன்.

"அதேதான். ஒரு மெஷினுக்குள்ள நூத்துக்கணக்கான ஃபைல் இருக்கும். எல்லாத்தையும் நாங்களே எழுத மாட்டோம். உலகத்துல யார் யாரோ எழுதி, யார் வேணா எடுத்துக்கலாம்னு பொதுவுல வெச்சிருப்பாங்க. அதுக்கு லைப்ரரின்னு பேரு. அங்கிருந்து எடுக்கற ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் நாலு வரி எழுதணும். எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன், யார் கொண்டுவந்தா, என்னைக்கு. நாளைக்கு ஒரு லைப்ரரியில கோளாறுன்னு தெரிஞ்சா, நம்ம மெஷின்ல எது அங்கிருந்து வந்ததுன்னு ஒரே நிமிஷத்துல தேடிப் பிடிச்சுடலாம்."

"எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்படின்னா என் மச்சான் வீடும் ஒரு லைப்ரரிதான். என் ஏணி, குடை, டிரில்லிங் மெஷின் எல்லாம் அங்கதான் இருக்கு. லேபிள்தான் இல்லை."

அந்தப் பெண்ணின் உதடு ஒரு ஓரம் அசைந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டவர் போலக் குனிந்துகொண்டார்.

"நீங்க பண்ண தப்பு என்ன?" என்றார் மேடம்.

"ஒரு பூஜ்யத்தை விட்டுட்டேன்."

சொட்டுக் கணக்குப் பார்க்கும் ஒரு லைப்ரரிக்குத் 'துளி' என்று பெயராம். ஆஸ்பத்திரியில் எல்லா மெஷினிலும் ஓடுவது துளியின் 4.6 வெர்ஷன். ஆறு வாரத்துக்கு முன்னால் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, நாற்பதாம் நம்பர் மெஷினில் மட்டும் புத்தம்புது 4.10-ஐப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அக்கா 4.10-க்குப் பதிலாக 4.1-ஐக் கொண்டுவந்து போட்டுவிட்டாராம்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றேன். "பள்ளிக்கூடத்துல கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லைன்னுதானே சொல்லிக் கொடுத்தாங்க."

"கணக்குல ஒண்ணுதான். இங்க அது கதவு நம்பர் மாதிரி. 4.1, 4.2ன்னு போய், 4.9-க்கு அடுத்த வீடு 4.10. ஒண்ணாம் நம்பர் வீடும் பத்தாம் நம்பர் வீடும் ஒண்ணாயிடுமா? 4.1 நாலு வருஷப் பழசு. அதுல அளவு தப்பும்னு எல்லாருக்கும் தெரியும்." அக்காவின் குரல் இறங்கியது. "அந்த மனுஷன் சின்ன ஆபரேஷனுக்கு வந்தவர். மருந்துப் பையை மாத்தினாங்க. ஆறு மணி நேரம் இறங்க வேண்டிய பை பதினோரு நிமிஷத்துல காலி. ரெண்டு பொண்ணுங்க அவருக்கு. அவர் வீடு வரைக்கும் போனேன், உள்ளே போகத் தைரியம் வரலை. எதிர்வாடையில நின்னு பார்த்துட்டு வந்துட்டேன்."

நான் மூடியை எடுத்து அந்தப் பேனாவை மூடி வைத்தேன். எனக்கும் அணையும் பொத்தான் ஒன்று எங்கோ இருக்கத்தான் செய்கிறது.

"4.1-ஐ எடுத்தது ஞாபகம் இருக்கா?" என்றார் மேடம்.

"இல்லை. 4.10 எடுத்த மாதிரிதான் ஞாபகம். ஆனா லேபிள் 4.1ன்னு சொல்லுதே. ஒன்பது வருஷமா இங்க வேலைக்கு வர்ற எல்லாருக்கும் நான் சொல்லிக் கொடுக்கறது ஒண்ணுதான் மேடம். ஞாபகத்தை நம்பாதீங்க, லேபிளை நம்புங்க. எனக்கு மட்டும் அதை மாத்திச் சொல்ல முடியுமா?"

கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, தாழ்ந்த குரல். கம்பெனி மேனேஜர்.

"தண்ணி குடிச்சீங்களா மேடம்? ஏசி ஜாஸ்தியா இருக்கா, குறைக்கச் சொல்லட்டுமா?" எங்கள் பதிலுக்குக் காத்திராமல் ஒரு தாளை மேஜையில் வைத்தார். "நீங்க கேட்ட ஆதாரம். இதுதான் நாற்பதாம் மெஷின்ல இருந்த ஃபைல். லேபிளுக்கு மஞ்சள் கோடு போட்டிருக்கேன். எங்களுக்கும் இவங்க மேல கோபம் இல்லை. நல்லவங்க. மனுஷங்கன்னா தவறு வரும்."

"இனிமே வராம இருக்க என்ன பண்ணியிருக்கீங்க?"

"குழுவே உத்தரவு போட்டுட்டாங்க. அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கற எல்லா மெஷினுக்கும் 4.10 போகுது. இங்கிருந்தே அனுப்பிடுவோம். ஒவ்வொரு மெஷின்லயும் அடுத்த தடவை பை மாத்தும்போது புதுசு வேலைக்கு வந்துடும்." அக்காவின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "சீக்கிரம் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா உங்களுக்கும் மனசு லேசாகும்மா."

வந்த மாதிரியே சத்தமில்லாமல் போய்விட்டார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் நான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

மேடம் மஞ்சள் கோட்டைப் பார்க்கவில்லை. "இந்த லேபிளை ஃபைல் தலையில நீங்களே டைப் பண்ணினீங்களா?"

"இல்லை. நான் விவரத்தை என் ஷீட்ல எழுதுவேன். சனிக்கிழமை பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். பக்கத்து ரூம்ல அதைப் பெரிய ரிஜிஸ்டர்ல ஏத்துவாங்க. அந்த ரிஜிஸ்டரைப் பார்த்து கம்ப்யூட்டரே லேபிளை ஒட்டிக்கும்."

"உங்க ஷீட் எங்க?"

"அவர் செத்த அன்னைக்கே என் கம்ப்யூட்டரைப் பூட்டிட்டாங்க."

"அப்போ ரிஜிஸ்டரைப் பார்ப்போம்."

நடுக்கூடத்தைத் தாண்டிப் போனோம். சுவரில் பெரிய டிவி. அதில் ஒரே ஒரு வரி: 0 / 116. ஐந்து மணிக்கு அனுப்பப்போகும் மெஷின்களின் கணக்கு என்றார் அக்கா. கறுப்புத் திரையில் அந்தப் பூஜ்யம் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றது.

ரிஜிஸ்டர் அறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகும் ஒரு எழுத்தர். எல்லோரும் அவரையே ரிஜிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"அறுநூத்து நாற்பது வரி," என்றார் பெருமையாக. "ரெண்டு மாசம் முன்னாடி எல்லாத்தையும் ஒரே இடத்துல கொண்டுவரச் சொன்னார் மேனேஜர். அத்தனையும் நான் அடிச்சது. ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடிச்சுக் காட்டுங்க, இன்னைக்கே வீட்டுக்குப் போயிடறேன்."

எங்கள் மேடம் துப்பறிய வருவதற்கு முன்னால் டெலிபோன் டைரக்டரிக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். எல்லோரும் நம்பரை இடமிருந்து வலமாகப் படித்தால், அவர் மேலிருந்து கீழே படிப்பார். வரிசையின் கடைசி இலக்கத்தை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஒன்று, மூன்று, ஏழு, இரண்டு. திரை ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. மேடத்தின் விரல் நின்றது.

"இந்த லைப்ரரிக்காரங்களுக்கெல்லாம் பூஜ்யம்னா ஆகாதா?"

"புரியலை," என்றார் எழுத்தர்.

"2.9 இருக்கு, 2.11 இருக்கு. 2.10 இல்லை. 7.19 இருக்கு, 7.21 இருக்கு. 7.20 இல்லை. நடுநடுவுல புள்ளியே இல்லாம வெறும் மூணுன்னு ஒரு வெர்ஷன் நிக்குது. இத்தனை வரியில ஒரு வெர்ஷன்கூடப் பூஜ்யத்துல முடியலை ஐயா. டெலிபோன் டைரக்டரியில இப்படி வந்திருந்தா, பத்து வீட்டுல ஒரு வீட்டுக்குப் போனே வந்திருக்காது."

எழுத்தரின் முகம் சிவந்தது. "பேப்பர்ல என்ன இருக்கோ அதைத்தான் அடிச்சேன்."

"சந்தேகமே இல்லை. இப்ப எனக்காக ஒரு தடவை அடிங்க. காலியா இருக்கற கட்டத்துல. நாலு, புள்ளி, ஒண்ணு, பூஜ்யம்."

அவர் அடித்தார். 4.10 என்று கட்டத்தில் தெளிவாகத் தெரிந்தது. நிமிர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே, விரலைத் தூக்கி அடுத்த கட்டத்துக்குப் போகும் பொத்தானைத் தட்டினார்.

பூஜ்யம் காணாமல் போனது. கட்டத்தில் 4.1 என்று நின்றது.

"என்ன இது," என்றார் எழுத்தர். மறுபடி அடித்தார். மறுபடியும் 4.1. மூன்றாவது தடவையும் அதேதான்.

லேபிள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "கம்ப்யூட்டர் அதைக் கணக்குன்னு நினைச்சுக்கும் மேடம். மதிப்பில்லாத பூஜ்யம்னு தள்ளிடும். அதுக்காகத்தான் நம்பருக்கு முன்னாடி மேல ஒரு சின்னக் குறி போட்டு அடிப்பேன், எழுத்தா எடுத்துக்கட்டும்னு. அந்தக் குறி கட்டத்துல தெரியாது. பிரிண்ட்லயும் வராது."

"பிரிண்ட்ல வராததை ஐயா எப்படி அடிப்பார்?" என்றார் மேடம்.

எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார். "அப்போ அந்தப் பூஜ்யத்தை விட்டது நானாம்மா? மூணு வாரமா நீங்க அந்த ரூம்ல உட்கார்ந்து அழுததெல்லாம்..."

"நீங்களும் இல்லை, நானும் இல்லை," என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போல. உடனே தலையை ஆட்டினார். "இல்லை மேடம். லேபிள் தப்பா இருக்கலாம்னுதான் இது சொல்லுது. உள்ளே இருந்த ஃபைல் எதுன்னு சொல்லலையே. நிஜமாவே நான் 4.1-ஐ எடுத்திருந்தா?"

நான் மேனேஜர் கொடுத்த தாளை விசிறிக்கொண்டிருந்தேன். "மனுஷன் அவ்வளவு மரியாதை தெரிஞ்சவர், ஒன்பது பக்கத்துல ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்துட்டுப் போயிருக்கார். மிச்சத்துக்குப் பேப்பர் தீர்ந்துபோச்சா?"

மேடம் வெடுக்கென்று திரும்பினார். "என்ன சொன்னே?"

"கீழே போட்டிருக்கே மேடம். பக்கம் 1 / 9."

"அம்மா, அந்தப் பழைய 4.1 எத்தனை பக்கம் வரும்?"

அக்கா தாளை வாங்கி அடி ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் முட்டியது. "சின்ன ஃபைல் அது. நாலு பக்கம் தாண்டாது. ஒன்பது பக்கம்னா 4.10-தான். புதுசுலதான் அவ்வளவு சேர்த்திருந்தாங்க." சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான் சரியாத்தான் எடுத்திருக்கேன். தம்பி, நான் சரியாத்தாண்டா போட்டிருக்கேன்."

தம்பி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் கைதட்டப் போனேன். மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் லேபிளைப் படிச்சாங்க. உள்ளே ஒருத்தரும் பார்க்கலை," என்றார். "நாற்பதாம் மெஷின்ல ஓடினது 4.10. அந்த மனுஷனைக் கொன்னது 4.10. இன்னைக்கு அஞ்சு மணிக்கு எல்லா மெஷினுக்கும் என்ன போகுது?"

 எல்லோருக்கும் தெரிந்த பதில் அது. 

"மேனேஜருக்குத் தெரியாது," என்று அக்கா அவசரமாகச் சொன்னார். "தெரிஞ்சா அனுப்புவாரா? நான் போய்ச் சொல்றேன்."

"இருங்க. ரிஜிஸ்டர்ல கடைசி வரியைக் காட்டுங்க. இன்னைக்கு அனுப்பறதுக்கும் ஒரு லேபிள் வேணுமே."

எழுத்தர் கடைசிக்குப் போனார். அறுநூற்று நாற்பத்தொன்றாவது வரி. துளி, 4.10.

பூஜ்யம் விழாமல் அழகாக உட்கார்ந்திருந்தது.

"இது நான் அடிச்சது இல்லை," என்றார் எழுத்தர். "மூணு நாள் முன்னாடி மேனேஜரே வந்து உட்கார்ந்து அடிச்சார். அவசரம்னார்."

மேடம் அந்தக் கட்டத்தைத் தட்டினார். தட்டினால் மட்டும் விவரம் காட்டும், திரையின் உச்சியில் இருக்கும் பட்டையில், 4.10-க்கு முன்னால் அந்தச் சின்னக் குறி தெரிந்தது. "பூஜ்யம் விழும்னு தெரிஞ்சவருக்குத்தான் அதைப் பிடிச்சு நிறுத்தத் தெரியும். இங்க பூஜ்யம் விழுதுன்னு மூணு நாளைக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும்."

"அதனால 4.10 கொல்லும்னு தெரியும்னு ஆயிடாதே மேடம்," என்றேன். குறுக்கே பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"ஆகாது. ஆஸ்பத்திரியில மொத்தம் எத்தனை மெஷின்?"

"118," என்றார் அக்கா. "நாற்பதைப் போலீஸ் சீல் வெச்சிருக்கு. மிச்சம் 117."

"டிவியில 116-ன்னுதானே இருந்துச்சு? ஒண்ணு எங்கே?"

எழுத்தர் அனுப்பும் பட்டியலை எடுத்தார். அறுபத்துமூன்றாம் நம்பருக்கு நேரே 'பழுது, பிறகு பார்க்கவும்' என்று இருந்தது. நான் போனை எடுத்து ஆஸ்பத்திரி மெஷின் ஸ்டோருக்குப் பேசினேன்.

"63-க்கு என்ன சார் ரிப்பேர்?"

"ரிப்பேரா? யார் சொன்னது? நேத்து உங்க மேனேஜரே வந்து நல்லா பார்த்துட்டுத்தானே போனார். அவங்க அம்மா பெட்டுக்கு மாட்டியிருக்கு. யாரும் தொடக் கூடாதுன்னு ஸ்லிப் எழுதி மெஷின்லயே ஒட்டிட்டுப் போயிருக்கார்."

போனை வைத்தேன். ஊருக்கெல்லாம் மருந்து என்று கொடுக்கிறவர், பெற்றவளுக்கு மட்டும் அதைத் தொடாதே என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.  ஒரு ஜோக்கும் வரவில்லை.

கூடத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தோம். டிவியில் 1 / 116. மணி நாலு முப்பத்தாறுதான். எதிர் அறையில் மேனேஜர் நின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எந்த வரியில் கை வைத்தோம் என்று அவருக்கும் கண்ணாடி வழியாகத் தெரிந்திருக்க வேண்டும். டிங். 2 / 116.

"முன்கூட்டியே ஆரம்பிச்சுட்டார்," என்றார் அக்கா. டிங். "ரிஜிஸ்டர்ல கை வைங்க சார். அந்த 641-ஐ அழிங்க."

"அழிச்சா?"

"ஒவ்வொரு மெஷினுக்கும் போறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் லேபிளைப் படிக்கும். அந்த லைப்ரரி, அதே வெர்ஷன், ரிஜிஸ்டர்ல இருக்கான்னு தேடும். இல்லைன்னா அது அநாதை ஃபைல். அநாதை வாசலைத் தாண்டாது."

டிங். டிங். எழுத்தரின் கை விசைப்பலகைக்கு மேலே நின்றது. "மேனேஜர் கையெழுத்து இல்லாம ஒரு வரியை நான் அழிச்சதில்லைம்மா. முப்பத்தோரு வருஷம்." டிங். டிங். டிங். டிங். டிங். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, விசைப்பலகையை அக்காவின் பக்கம் தள்ளினார். "நீங்க அழிங்க. நான் சாட்சி சொல்றேன். என் நாற்காலியில உட்காருங்க."

ஒன்பது வருஷமாக லேபிள் ஒட்டிய பெண் ஒரு லேபிளின் வேரைப் பிடுங்கியது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

டிங்.

அப்புறம் சத்தமில்லை. டிவியில் 11 / 116 என்று சிவப்பாக நின்றது.

மேனேஜர் ஓடிவந்தார். அப்போதும் குரல் உயரவில்லை. "யாரும்மா நிறுத்தினது? குழுவோட உத்தரவும்மா இது."

"63-ஐ ஏன் சார் விட்டுட்டீங்க?" என்றார் மேடம்.

மேனேஜர் சுவரோரம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"40-ல புதுசைப் போடச் சொன்னது நான்தான். ஆஸ்பத்திரியில அனுமதி கேக்கலை. அவர் போனதும் உடைஞ்சுபோயிட்டேன். அப்புறம் லேபிள்ல 4.1ன்னு இருந்துச்சு. அதை யாரும் சந்தேகப்படலை. ஆனா குழு எல்லாத்துக்கும் 4.10 போடுன்னு சொல்லும்னு நான் நினைக்கலை மேடம். வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்களே." கையைப் பிசைந்தார். "எப்பவும் நடக்காது. பை மாத்தும்போது, அதுவும் ஆயிரத்துல ஒரு தடவை..."

"ஆயிரத்துல ஒண்ணுதானேன்னு அம்மாவுக்கும் போட்டிருக்கலாமே."

 லேபிள் அக்கா மேனேஜரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் போனைப் பிடுங்கி, வார்டு நர்ஸுக்குப் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்தார்.

"சிஸ்டர், மெஷின் கம்பெனியில இருந்து பேசறேன். ஒண்ணுல இருந்து பதினொண்ணு வரைக்கும் இருக்கற மெஷின்ல பை மாத்தாதீங்க. மாத்தியிருந்தா உடனே குழாயை மூடுங்க. டாக்டர் கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

"இருங்கம்மா, இருங்க." காகிதம் புரளும் சத்தம். "ஒண்ணு, ரெண்டு, மூணு மாத்தலை. நாலு காலி பெட். அஞ்சு, ஆறு ராத்திரிதான் மாத்தணும். ஏழுல இப்பதான் புதுப் பை மாட்டிட்டு வந்தேன். உங்க மேனேஜர் அம்மாதான்."

மேனேஜர் எழுந்தார். "அம்மா 63-ல இருக்காங்க."

"அது பழைய பெட் சார். மத்தியானம் ஸ்கேன் எடுத்துட்டு வந்ததும் ஜன்னல் பக்கம் வேணும்னு கேட்டாங்க. அங்க இருந்த ஏழாம் மெஷினையே மாட்டிட்டோம். 63 அங்கேயேதான் நிக்குது, உங்க ஸ்லிப்போட."

"ஓடுங்க சிஸ்டர்!" அக்கா கத்தினார். "குழாயை மூடுங்க, ஓடுங்க!"

போன் எங்கோ கீழே விழுந்தது. செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. மேனேஜர் என் போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.  வாசலில் யாரோ நிற்பது போலிருந்தது, திரும்பிப் பார்த்தேன். நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட விசாரணைக் குழுவின் இரண்டு பேர், கையில் கோப்புகளோடு, உள்ளே வராமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் திரும்ப வந்தபோது மூச்சு வாங்கியது. "மூடிட்டேன். மூணு நிமிஷம்தான்மா ஆச்சு, பை கால்வாசி காலியா இருக்கு. இது எப்படி? டாக்டர் வந்துட்டார், பார்த்துட்டிருக்கார். அவங்க நல்லாத்தான் பேசறாங்க. கோபமா இருக்காங்க. இந்தாங்க, அவங்களே கேக்கறாங்க."

ஒரு வயதான குரல், கொஞ்சம் குழறலாக, ஆனால் கெத்தாக வந்தது. "யாரு அது? இது என் பையன் பண்ணின மெஷினு. அந்தத் தைரியத்துலதான் நான் இங்க படுத்திருக்கேன். அதைப் போய் நிறுத்தச் சொன்னது யாரு?"

மேனேஜர் போனுக்கு அருகே குனிந்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அந்தக் குரல் மறுபடியும் யாரு, யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான்தாம்மா," என்றார்.